உத்தரவு வராத மருத்துவச்சி

இன்று சோளக்காட்டுச் சந்தையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தவள் நான்.

எங்கள் மலையில் திறக்கவிருந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மருத்துவச்சி வேலை உறுதியாகியிருந்தது. அதை நம்பி சேலத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தேன். வந்த பிறகு, உலக யுத்தத்தால் ஆஸ்பத்திரி நின்றுபோனது; "யுத்தம் முடியட்டும், அதுவரை பொறுத்திரும்மா" என்று வேலை உத்தரவு தராமல் அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அப்பாவோடு சந்தையில் மிளகு விற்கிறேன்.

இன்று பக்கத்தில் சாமை விற்றுக்கொண்டிருந்த பெண்ணுக்குத் திடீரென்று வலி கண்டுவிட்டது. வீட்டுக்குத் தூக்கிப்போக நேரமில்லை. பெண்கள் சுற்றி நின்று சேலையால் மறைத்தார்கள்.

தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. குழந்தை அழவில்லை. கொடியை விலக்கி, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் அழுதாள் பாருங்கள், சந்தையே திரும்பிப் பார்த்தது!

"ஏனுங்க, உங்க புள்ளைக்கு வேலை நின்னு போச்சுன்னாங்களே?" என்று ஒருவர் அப்பாவிடம் கேட்டார்.

"ஆஸ்பத்திரிதானுங்க நின்னு போச்சு. எம்புள்ள நிக்கலீங்க!"

அப்பா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு மறுபடியும் மிளகு விற்க உட்கார்ந்தேன்.

நீங்களே சொல்லுங்கள், நான் இன்று வேலையில் சேர்ந்துவிட்டேனா, இல்லையா?