இப்போதைக்குக் கட்டிய கோபுரம்

எங்கள் வீட்டு மருமகள் ஒருநாள் படுத்துவிட்டால் உலகத்து மருந்துக்கடைகள் எல்லாம் இழுத்து மூடிவிடும். சரி, உலகம் என்றது கொஞ்சம் அதிகம். ஒரு முப்பது கடை. அவற்றில் பில் போடும் மென்பொருளுக்கு அடித்தளம் முதல் மொட்டைமாடி வரை திட்டம் வரைந்தவள் அவள்.

கெட்டிக்காரிதான். ஆனால் எதற்கும் ‘இப்போதைக்கு’ என்பாள். சமையலறைக் குழாயில் இப்போதைக்குக் கட்டிய துணி, நரைத்தே போய்விட்டது.

சில மாதமாக அந்த மென்பொருள் நத்தையாய் ஊர்ந்தது. பில் வருவதற்குள் காய்ச்சலே இறங்கிவிடுகிறது என்று கடைக்காரர்கள் கரித்துக்கொட்டினார்கள். “வரிக்கணக்குப் பகுதிலதான் கோளாறு,” என்று கூட்டத்தில் அடித்துச் சொல்லிவிட்டாள் மருமகள். அது பக்கத்து மேசைத் தாடிக்காரப் பையன் எழுதியது. வாய் நிறைய அக்கா என்பவன். அவனை வேலையை விட்டே அனுப்பப் பேச்சு நடந்தது.

அதற்குமுன் கண்ணால் பார்த்துவிடலாம் என்று மேலாளர் ஒரு விஆர் கண்ணாடியை அவள் தலையில் மாட்டினார். மாட்டினால் மென்பொருள் நகரமாக எழும். ஒவ்வொரு பகுதியும் ஒரு கட்டடம், வாசலில் எழுதியவர் பெயர். ஒன்றை ஒன்று கேட்டு வேலை செய்தால் நடுவே சாலை. நெரிசல் என்றால் சிவப்பு.

தாடியின் சின்ன வீட்டு வாசலில் ஈ காக்கை இல்லை. சிவப்புச் சாலைகள் எல்லாம் அதைத் தாண்டிப்போய் ஒரு கோணல் கோபுரத்தில் முட்டிக்கொண்டு நின்றன. வாசலில் அவள் பெயர். என்றோ அவசரத்தில், இப்போதைக்கு என்று செருகி, மறந்தேபோனது.

காது சுட்டது. சட்டென்று திரும்பிக் கோபுரத்தை முதுகால் மறைத்து, கைகளை விரித்து நின்றுகொண்டாள். அவள் கண்ணில் பட்டதெல்லாம் சுவர்த்திரையிலும் எல்லோருக்கும் தெரிந்தது என்பது அப்போது நினைவில்லை.

“எதை மறைக்கிறீங்க மேடம்? நாங்க பெயரையே படிச்சாச்சு,” என்றது ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

தாடி சிரிக்கவில்லை. “அக்கா, பின்னாடி நாற்காலி இருக்கு. பாத்து.”

அதைவிட அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவ்வளவுதான், கண்ணாடியைக் கழற்றி வீசி, சிங்கம்போல் நிமிர்ந்து, “தப்பு என்னோடது! அவனை அனுப்பக் கூடாது!” என்று கட்டடமே அதிர முழங்கினாள். தாடி தப்பினான்.

நான் எழுதிய இதை என் தோளுக்குமேல் எட்டிப் படித்த மருமகள் சொன்னாள்: “முழங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல, அத்தை. கண்ணாடியை நான் கழட்டவே இல்ல. அவன் மூஞ்சியைப் பாக்க முடியாம, அதுக்குள்ளயே முணுமுணுத்தேன்.”