முதுகு வெட்டிய சட்டைகள்

சேக் இஸ்மாயிலின் சட்டைகளை வெட்ட வேண்டும் என்று சோணையம்மாள் சொன்ன அன்று, சைனப் கத்தரிக்கோலை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த சட்டைகள். புருசன் உயிரோடு இருக்கும்போதே அவற்றில் கத்தரி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

சோணையம்மாள் வற்புறுத்தவில்லை. உதவி நர்ஸ் பயிற்சி முடித்து ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள் அவள். வயசான பிறகு, சோழவந்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆரப்பாளையத்துக்கு பஸ் ஏறி வந்து, வீடுகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். இப்படி எத்தனையோ வீடு கண்டவள். மறுநாள் சைனபை அருகில் நிற்கவைத்துக்கொண்டே அவருக்குச் சட்டை மாட்டினாள். புராஸ்டேட்டில் ஆரம்பித்த புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் ஆக்கியிருந்தது. மேலே வலி மட்டும் பாக்கி. கையைப் பின்னால் வளைத்ததும் இஸ்மாயில் உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. சைனப் போய் அரிசி டின்னைத் திறந்தாள்.

காலரோடு சேர்த்து முதுகில் நேராக ஒரே வெட்டு. அப்புறம் சட்டையை முன்பக்கமிருந்து இரண்டு கையிலும் நுழைத்து, வெட்டிய ஓரங்களைத் தோளுக்கு அடியில் செருகிவிட்டால் போதும். ஆளைப் புரட்ட வேண்டியதில்லை. முன்னாலிருந்து பார்த்தால் பள்ளிவாசலுக்குக் கிளம்பியவர் மாதிரி இருக்கும். அது ஆடி மாசம்.

வெட்டியது அவருடைய வலிக்காக. ஆனால் அது வேறொன்றுக்கும் வசதியாகப் போயிற்று.

மகன் ஆரிப் அமெரிக்காவில், டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலை. பெண்டாட்டி சனோபரும் பள்ளிக்கூடம் போகிற மகளும் அவனோடு. தினமும் சாயங்காலம் மஃரிப் தொழுகை முடிந்த நேரத்துக்கு, அவனுக்கு அது காலை, வீடியோவில் வருவான். அத்தாவுக்கு முதுகு எலும்பு தேய்மானம், கொஞ்ச நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது இஸ்மாயில் போட்ட உத்தரவு. முழுசும் தெரிந்தால் அவன் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். ஏறினால் திரும்பிப் போக முடியாது என்று அவர் பயந்தார். காலாவதியான விசா முத்திரையைப் புதுப்பிக்க சென்னையில் அவனுக்கு மார்கழிக்கு நாள் கிடைத்திருந்தது. அப்போது வந்து அத்தாவையும் பார்த்து, முத்திரையும் வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ஆகவே சாயங்காலம் ஆனால் சோணையம்மாளுக்கு ஒரு தனி வேலை. சிறுநீர்ப் பையைக் கட்டிலின் மறுபக்கம் மாட்டுவாள். தலைமாட்டைக் கைப்பிடி சுற்றி உயர்த்துவாள். தாடியைச் சீவி, தொப்பியை வைத்து, சட்டையை மாட்டி, போர்வையை மார்பு வரை இழுத்துவிடுவாள். டியூப்லைட் வெளிச்சத்தில் கன்னக்குழி தெரிவதால் அதை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பைப் போடுவாள். இந்த ஜோடனை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்து பழகிய கை.

"பொண்ணு பாக்க வாரவங்களுக்குக் கூட எங்க வீட்ல இம்புட்டு ஜோடிச்சதில்ல" என்பார் இஸ்மாயில்.

"பேசாம இருங்க பாய், மீச கோணிக்கும்" என்பாள் அவள்.

இஸ்மாயிலுக்குச் சிம்மக்கல்லில் சாக்குக் கடை. அவருடைய அத்தா ஆரம்பித்தது. அறுபதுகளில் மழை பொய்த்து, ஊரே ரேஷன் கடை வாசலில் நின்ற காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. கோதுமையை ஊர் தின்றது. காலிச் சாக்கை அவருடைய அத்தா வாங்கி விற்றார். அப்புறம் பள்ளிக்கூடங்களுக்கு மதிய உணவு வந்த சாக்குகள். அமெரிக்க உதவிக்கு அடையாளமாக இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் போட்டிருக்கும். அந்தச் சாக்குகள்தான் காஜிமார் தெருவில் இந்த வீட்டை வாங்கிக் கொடுத்தன.

அந்த உணவைச் சோணையம்மாளும் தின்றிருக்கிறாள். கோதுமை ரவை உப்புமாவுக்காகவே பள்ளிக்கூடம் போனவள். வயலில் கூலிக்கு நடவு போன வீட்டில் வேறு என்ன இருந்தது? இதைச் சொன்னபோது இஸ்மாயிலுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்ப நீயும் நம்ம கம்பெனி ஆளுதான்" என்றார்.

"எங்கண்ணனுக்கு எங்காத்தா அந்தச் சாக்குலயே கால்சட்ட தச்சுக் குடுத்துச்சு பாய். குலுக்குற கை ரெண்டும் பொச்சுப் பக்கம் வந்திருச்சு. பள்ளிக்கூடத்துல ஒரு பய விடமாட்டான், பின்னாடி வந்து கை குடுத்துட்டுப் போவான்."

சிரித்ததில் அவருக்கு வலி எடுத்துவிட்டது. மார்ஃபின் மாத்திரை கொடுக்க வேண்டியதாயிற்று. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் வலி விலகி அவர் நிறையப் பேசுவார். பேச்சு பெரும்பாலும் அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றித்தான் இருக்கும். அவருடைய சின்ன வயசில் ஜான்சன் என்று ஒருவர். தன் நாட்டு ஏழைகளுக்கு மருத்துவத்துக்கும் படிப்புக்கும் சட்டம் கொண்டுவந்தவர் அவர்தான். வியட்நாமில் குண்டு போட்டவரும் அவர்தான். அந்தக் குண்டைப் பற்றி இந்தியா வாயைத் திறந்ததும் அவருக்குக் கோபம் வந்து, கோதுமையை மொத்தமாக விடாமல் மாசத்துக்கு மாசம் அளந்து விட்டாராம்.

"எங்கத்தா காலையில பேப்பர எடுத்தா மொதல்ல அமெரிக்காவத்தான் பாப்பாரு. அங்க அந்தாளு மொகம் சுளிச்சா இங்க கடையில சாக்கு இருக்காது" என்றார் இஸ்மாயில். "நம்ம ஊர்ப் பிள்ளைக அங்க போறதுக்குக் கதவத் தொறந்துவிட்டதும் அதே ஆளுதான். அதே வருசந்தான். குண்டும் அவரு, கோதுமையும் அவரு, கதவும் அவரு. எத நல்லதுன்னு சொல்ல, எதக் கெட்டதுன்னு சொல்ல?"

சோணையம்மாள் அவர் குதிகாலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். குதிகால்தான் முதலில் புண்ணாகும்.

இப்போது இருக்கிற ஜனாதிபதி வந்த பிறகு வீட்டில் பேப்பர் வாசிப்பது மகள் சுஃபியாவின் வேலையாயிற்று. அவளுக்கும் அதில் காரியம் இருந்தது. அவள் புருசன் மின்ஹாஜ் ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தான். அமெரிக்கக் கடைகளுக்குப் போகிற அடுப்படித் துண்டு, ஏப்ரன் தைத்துக் கொடுப்பான். ஆவணியில் இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி என்று வந்ததும் ஆர்டர் நின்றது. தைத்த பெண்களைப் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினான். ஓடாத மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டு, மத்தியானத்திலேயே மாமனார் கட்டிலருகே வந்து உட்கார்ந்துகொள்வான்.

"ஏன் மாப்ள, உன் துண்டு இல்லாம அமெரிக்காக்காரன் இப்ப எதுல கை தொடைக்கிறான், பேண்டுலயா?" என்று கேட்பார் இஸ்மாயில். மின்ஹாஜ் சிரிக்க முயற்சி செய்வான்.

இங்கே மாப்பிள்ளைக்கு வரி, அங்கே மகனுக்கு விசாக் கெடுபிடி. தன் நாட்டுக்காரனுக்கு வேலை வேண்டும் என்று ஒருவர் அங்கே எடுத்த முடிவு இரண்டாகப் பிரிந்து, இரண்டும் தன் கட்டிலின் காலடியில் வந்து முடிகிறது என்று இஸ்மாயில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வராததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மார்கழி தொடங்கும்போது அந்தச் செய்தி வந்தது. விசாவுக்கு வருகிறவர்கள் இணையத்தில் எழுதுவதை எல்லாம் இனி சோதித்துப் பார்ப்பார்கள் என்று புது விதி. கொடுத்த நாட்கள் எல்லாம் தள்ளிப்போயின. ஆரிப்புக்கு ஏப்ரல் என்று வந்தது.

அன்று சாயங்காலம் அவன் திரையில் முகம் வாடி இருந்தான். அத்தாவை உற்றுப் பார்த்தான். பிறகு அவனே தன்னைத் தேற்றிக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கீங்கத்தா. போன மாசத்துக்கு இப்ப மொகம் தெளிஞ்சிருக்கு. அப்ப ஏப்ரல்லயே வாரேன்."

"ஏப்ரல்லயே வா" என்றார் இஸ்மாயில்.

போன் அணைந்ததும் சைனப் அடுப்படிக்குப் போய்விட்டாள். இஸ்மாயில் சோணையம்மாளைப் பார்த்தார்.

"ஏப்ரலுக்கு நான் இருப்பேனா?"

இந்தக் கேள்விக்கு வார்டில் சுற்றி வளைத்துப் பதில் சொல்கிறவர்கள் உண்டு. அவள் அந்த ஆள் இல்லை. முதுகுப் புண் எலும்பைத் தொட்டுவிட்டது, சிறுநீர் குறைந்துவிட்டது, இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்குவதில்லை.

"இருக்க மாட்டீங்க பாய். தை பொறக்குற வரைக்குமே சிரமம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சட்டையை உருவினாள். அது எப்போதும் போல லேசாகக் கழன்று வந்தது.

மறுநாள் மத்தியானம் அவரே சொன்னார். இன்றைக்குச் சட்டை வேண்டாம். தொப்பி வேண்டாம். பையை இந்தப் பக்கமே மாட்டு. பெரிய லைட்டைப் போடு. அவன் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வருவதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்துகொள்ளட்டும். மகன் வருவான் என்கிற ஆசையில்தான் சொன்னார். ஐந்து வருசமாக மகனை அவர் தொட்டதில்லை என்று சைனப் சோணையம்மாளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். சோணையம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது. சட்டையை மடித்து பீரோவில் வைத்தாள்.

சாயங்காலம், போன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சுஃபியா உள்ளே வந்தாள். ஆரிப் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அவன் மாதிரி விசாவில் இருப்பவர்கள் யாரும் இப்போதைக்கு நாட்டை விட்டு வெளியே போக வேண்டாம், போனால் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். அவன் அதைச் சும்மா, புலம்பலாகத்தான் அனுப்பியிருந்தான். அவள் அதை அத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்த பிறகுதான், இதைக் கேட்டால் அத்தா மனசு மாறிவிடுவார் என்று அவளுக்கு உறைத்தது.

இஸ்மாயில் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். சைனப் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மின்ஹாஜ் தரையைப் பார்த்தான். அவன் யூனிட் முழுசாகவே மூடிக்கிடக்கிறது. இந்த வீடு இப்போது ஆரிப்பின் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அங்கே ஒரு பெண்டாட்டி, ஒரு பிள்ளை.

"சோணையம்மா, அந்தச் சட்டைய எடு" என்றார்.

அவள் நகரவில்லை. "வேணாம் பாய். அந்தத் தம்பிக்குத் தெரியட்டும். பின்னால நெனச்சு நெனச்சுச் சாகும்."

"தெரிஞ்சா வந்துருவாம்மா. வந்தான்னா மாட்டிக்குவான். எடு."

போன் அடிக்க ஆரம்பித்தது. அவள் சட்டையை எடுத்து மாட்டினாள். பையை மறுபக்கம் மாற்றினாள். மஞ்சள் பல்பைப் போட்டாள். அன்றைக்கு அவர் வழக்கத்தை விட அதிகமாகப் பேசினார். பேத்தி பல் விழுந்த இடத்தைக் காட்டியது. "அடுத்த பல்லு ஏப்ரல்லயா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு விடியற்காலையில் அவர் மூச்சு நின்றது. அன்றே பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கம். மையத்தை, உயிர் போன உடலை, வைத்துக்கொண்டு காத்திருக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. காத்திருந்தாலும் வருவதற்கு ஆள் இல்லை. மகன் இறங்க வேண்டிய கபர்க் குழிக்குள் மருமகன் இறங்கினான். பிடி மண் போடும்போது பக்கத்தில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாராம். ஆரிப் அதில் கடைசிப் பிடி மண் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதிய பிறகு சோணையம்மாள் வாடகைக் கட்டிலைக் கழுவிக் கொடுக்க வந்திருந்தாள். சைனப் புருசனுடைய உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுக்கப் பிரித்துக்கொண்டிருந்தாள். கைலி, துண்டு, சால்வை எல்லாம் ஒரு பக்கம். வெட்டிய சட்டைகளை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள்.

அப்போது ஆரிப் அழைத்தான். சோணையம்மாளிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். கண் வீங்கியிருந்தது.

"என்ன நடந்துச்சுன்னு நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. நான் பாக்கும்போது எங்கத்தா நல்லாத்தான இருந்தாரு? மருந்து மாத்திக் கொடுத்தீங்களா? கீழ விழ விட்டீங்களா?"

சைனப் குறுக்கே வந்து சமாதானமாக ஏதோ சொல்லப் போனாள். எலும்புத் தேய்மானம் என்றுதான் இன்னமும் சொல்ல நினைத்தாள் போல. மின்ஹாஜ் மெதுவாக, அந்தச் சட்டைகளைக் கொடுங்கள், நான் முதுகை மெஷினில் ஓட்டித் தைத்துவிடுகிறேன், மச்சானுக்கு ஞாபகமாக அனுப்பலாம் என்றான். தைத்தால் தெரியவே தெரியாது என்றான்.

"தைக்காதீங்க மாப்ள" என்றாள் சோணையம்மாள்.

போனை மின்ஹாஜ் கையில் கொடுத்துவிட்டு, சைனபின் மடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். வெளிர்நீலத்தில் கோடு போட்டது. பொத்தான் போட்ட முன்பக்கத்தைப் போனுக்கு நேரே காட்டினாள்.

"இது தெரியுதா தம்பி?"

"தெரியுது. கடைசியா இதத்தான் போட்டிருந்தாரு."

அவள் சட்டையைத் திருப்பினாள். காலரிலிருந்து கீழ்வரைக்கும் வெட்டு. இரண்டு பக்கமும் நூல் பிரிந்து, மருந்துக் கறை காய்ந்து கிடந்தது. அவள் அதை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டாள். போனில் ஆரிப்புக்குப் பின்னால் சனோபர் வந்து நிற்பது தெரிந்தது.

"எப்ப வெட்டுனது?" என்று கேட்டான்.

"ஆடியில."

அவன் வாய்க்குள் மாசங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். மார்கழிக்கு வந்ததும் நிறுத்திவிட்டான்.

"அத்தாதான் போடச் சொன்னாரா?"

"ஒரு நாள் வேணாம்னாரு. நீ பாக்கட்டும்னாரு. அன்னைக்குத்தான் நீ ஆபீஸ் சேதி அனுப்பியிருந்த. மறுபடி எடுக்கச் சொன்னாரு."

சைனப் முகத்தை மூடிக்கொண்டாள். ஆரிப் தலையைக் குனிந்திருந்தான். உச்சி மட்டும்தான் திரையில் தெரிந்தது. பிறகு அப்படியே குனிந்தபடி, அந்தச் சட்டையைத் துவைக்க வேண்டாம், தைக்க வேண்டாம், இருக்கிற மாதிரியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்றான். எப்போது வந்து வாங்கிக்கொள்வேன் என்று அவன் சொல்லவில்லை.

சோணையம்மாள் சட்டையை வெட்டு உள்ளே போகாமல் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, சைனபின் கையில் கொடுத்தாள். பிறகு கட்டிலைக் கழுவ வாளியை எடுத்துக்கொண்டு போனாள். வாடகைக் கடைக்காரர் மத்தியானத்துக்குள் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.