கீழ்வீட்டு மூட்டு டாக்டர்

"வலது கால். மூட்டு போட்டு கொஞ்ச வருஷம் ஆகியிருக்கும். ஜம்முனு உக்காந்திருக்கு," என்கிறாள் எங்கள் கீழ்வீட்டுப் பெண், பஸ் நிறுத்தத்தில் எங்களைக் கடந்துபோகும் பெரியவரைப் பார்த்து. பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. திரும்பி முறைக்கிறார். அவள் கவனிக்கவில்லை. பார்வை அவருடைய முழங்காலை விட்டு மேலே ஏறினால்தானே அவர் முறைப்பது தெரியும்?

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் தாயும் மகளுமாக இருக்கிறார்கள். மகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மூட்டு டாக்டர். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. வந்தாலும் தன்னால் இருமலுக்கு மருந்து எழுத முடியாது என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டாள். யாரும் கேட்பதாக இல்லை. மூன்றாம் மாடிக்காரர் ஒருநாள் மாடிப்படியிலேயே மறித்து, வாயைத் திறந்து தொண்டையைக் காட்டினார்.

"சார், செயற்கை மூட்டு கெட்டுப்போனா மட்டும் என்கிட்ட வாங்க. அதுக்குக்கூட நீங்க வர வேணாம். மூட்டு மட்டும் வந்தா போதும்," என்றாள்.

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. அவள் வேலையே அதுதான். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட சிலருக்கு, உள்ளே வைத்த செயற்கை மூட்டு நாளடைவில் தேய்ந்தோ தளர்ந்தோ போகும். மருத்துவர் அதைக் கழற்றிவிட்டு வேறொன்று பொருத்துவார். கழற்றியதைக் கிருமி நீக்கி, டப்பாவில் அடைத்து இவளுடைய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அது ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பது இவள் பொறுப்பு.

ஒருமுறை என்னையும் அங்கே கூட்டிப்போனாள். தொடை எலும்பின் முனையில் மாட்டும் பளபளப்பான உலோகத் தொப்பிகள், கீழ்க்கால் எலும்பின் மேல் உட்காரும் தட்டுகள், இரண்டும் உரசாமல் இருக்க நடுவில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தகடுகள் என்று அலமாரி நிறைய அடுக்கியிருந்தார்கள். பாதி கரைந்த சோப்புக்கட்டி போலிருந்த ஒரு தகட்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள்.

"பாருங்கக்கா, உள்பக்கம் மட்டும் குழி குழியா இருக்கா? இவங்க சாஞ்சு சாஞ்சு நடந்திருக்காங்க. வலிச்சிருக்கும். யார்கிட்டயும் சொல்லாமலே நடந்திருக்காங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. நம்பர் மட்டும்தான் வரும். ஆனா நல்ல பொறுமைசாலி."

மற்றவர்கள் 'பீஸ்' என்பதை இவள் 'அவங்க' என்பாள். ஆய்வகத்தில் இதற்காக இவளைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஒரு மூலையில், வெதுவெதுப்பான மஞ்சள் திரவத்துக்குள் செயற்கை முழங்கால் ஒன்றை, எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்க, ஓயாமல் மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு 'மாமா' என்று பெயர் வைத்திருப்பதும் இவள்தான். "மாமா காலையிலேர்ந்து முனகிட்டே இருக்கார்," என்று கவலைப்படுவாள். மாமா லட்சக்கணக்கில் அடி எடுத்து வைக்கிறார். இவள் அடுத்த நிறுத்தத்துக்குப் போகக்கூட பஸ்ஸுக்குக் காத்திருப்பாள்.

ஆய்வகத்தைப் பார்க்க மாணவர்கள் வந்தால் விளக்கிச் சொல்வது இவள்தான். கையில் ஒரு தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்க வர்றதெல்லாம் தோத்துப்போனது. ஜெயிச்சது எல்லாம் வெளிய கடைகண்ணிக்கு நடந்து போயிட்டு இருக்கு. அதனால இந்த அலமாரியை மட்டும் பாத்துட்டு பயந்துடாதீங்க," என்பாள். அழகாகச் சொல்வாள். கேட்பவர்கள் தெம்பாகத் திரும்பிப் போவார்கள். இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்தவளுக்குச் சொந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் அதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இருப்பதில்லை.

அவளுடைய அம்மா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வேலை பார்த்த காலம் முழுவதும், ஆடும் பஸ்ஸில் நின்றபடியே பயணச்சீட்டு கிழித்தவர். குரல் இன்னும் கடைசி சீட் வரை போகும். வலது முழங்கால்தான் சமையலறை வரைகூடப் போக மறுத்தது. மாற்றிவிடலாம் என்று மருத்துவர் சொல்லி வெகுகாலமாகிவிட்டது. அம்மா தயார். மகள்தான் தயாராக இல்லை.

"அடுத்த வருஷம் புது பிளாஸ்டிக் ஒண்ணு வருதும்மா."

"போன வருஷமும் இதையேதாண்டி சொன்னே."

"அது வேற பிளாஸ்டிக்."

எந்தெந்த விதத்தில் மூட்டு கெட்டுப்போகும் என்பது அவளுக்கு அத்துப்படி. படங்களும் உண்டு. சாப்பாட்டு வேளையில் அவற்றை அம்மாவிடம் காட்டுவாள். அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார்.

இப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா ஒருநாள் தெருமுனை மருந்துக்கடைக்குத் தனியே போனார். போய்விட்டார், திரும்ப முடியவில்லை. சாவி செய்பவரின் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். சாவிக்காரர் போன் செய்தார். மகளோடு நானும் ஓடினேன்.

அவள் தெருவிலேயே மண்டியிட்டு அம்மாவின் முழங்காலில் கை வைத்தாள். வீங்கிக் கொதித்தது. கையை எடுக்காமலே, "அம்மா, இன்னும் ஆறு மாசம் பொறுத்தா..." என்று ஆரம்பித்தாள். எனக்கே எரிச்சலாக வந்தது.

அம்மா நிமிர்ந்தார். "ஏறுறதா இருந்தா ஏறு! இறங்குறதா இருந்தா இறங்கு! படியில தொங்காதே!"

தெருவே திரும்பிப் பார்த்தது. சாவிக்காரர் தன் கடைக்குள்ளேயே ஓரடி தள்ளி நின்றுகொண்டார். "உன்னையும் ஒரு டப்பாவுல பாக்கணுமாம்மா நான்?" என்றாள் மகள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அந்த வாரமே மருத்துவரிடம் போனார்கள். துணைக்கு நானும் போனேன். இவளுடைய ஆய்வகத்துக்கு டப்பா அனுப்புகிறவர்களில் அவரும் ஒருவர். நோயாளி அம்மா, கேள்வி கேட்டதெல்லாம் மகள். பிளாஸ்டிக்கை எப்படிக் கிருமி நீக்கினார்கள், எவ்வளவு காலம் அலமாரியில் கிடந்தது, தட்டு எந்த உலோகம் என்று பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி துருவினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் ரிப்போர்ட் எல்லாம் படிக்கிறேம்மா," என்றார்.

"படிக்கிறீங்களா சார்?"

"படிக்காம? ஒரு மாடலோட தகடு சீக்கிரம் உரிஞ்சு வருதுன்னு எழுதியிருந்தியே, அதுக்கப்புறம் அதை நான் யாருக்கும் வைக்கறதே இல்ல. உங்கம்மாவுக்கு வைக்கப்போறது நீயே குறை கண்டுபிடிக்க முடியலைன்னு எழுதினது."

ஒரு டப்பா வந்தால் ஓர் அறிக்கை போகும். போனது எங்கே போய்ச் சேர்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வாசித்தால் தன் வழிகாட்டிப் பேராசிரியர் வாசிப்பார், அவரும் எழுத்துப்பிழை பார்க்கத்தான் என்று நினைத்திருந்தாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள். வெகுநேரம் தேடினாள். பைக்குள் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"என்னைக்கு வரட்டும் டாக்டர்?" என்று அம்மா கேட்டுவிட்டார்.

அறுவை நடந்த காலையில் மருத்துவமனை நடைவழியில் அவளால் உட்காரவே முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையில் எழுதியிருந்த அத்தனையையும் படித்தாள். "இது காலாவதி ஆயிடுச்சுக்கா," என்று வந்து சொன்னாள். அதை ஒரு நர்ஸிடம் புகாராகவும் சொன்னாள். உள்ளேயிருந்து மருத்துவர் முகக்கவசத்தை இறக்கியபடி வந்து, "நல்லபடியா முடிஞ்சுது," என்றபோது, "ஓரமெல்லாம் சரியா உக்காந்துதா சார்?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "அழறதா இருந்தா முதல்ல அழுதுடும்மா, அப்புறம் ஓரத்தைப் பத்திப் பேசலாம்," என்றார். அவள் அவர் சொன்னபடியே செய்தாள்.

அம்மா மறுநாளே நடந்தார். மகள் எதிரே நின்று பின்னோக்கி நடந்தபடி கோணம் பார்த்தாள். "அம்மா, பாதத்தை நேரா வை. இடது பக்கம் சாயாதே." பக்கத்துக் கட்டில் பெண்மணி, "உங்க பொண்ணு டாக்டரா?" என்று கேட்க, "இல்ல, செக்கிங் இன்ஸ்பெக்டர்," என்றார் அம்மா.

வீடு திரும்பிச் சில வாரங்கள் ஆனபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழேயிருந்து அந்தக் குரல் கேட்டது. "கதவைத் திறந்து வைம்மா, மேல வர்றேன்!" வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு படி கீழே மகள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பாதி தூரம் வந்ததும் அம்மா நின்று, அண்ணாந்து என்னைப் பார்த்தார். "ரைட், போலாம்!" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

பின்னால் வந்த மகள், அதே கைப்பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.