அப்புத்தளை ஸ்டேஷனில் ஓர் ஈயப் பெண்

“மொதலாளி, இந்தப் பொம்பளையைக் கொஞ்சம் திரும்பிப் பாக்க வைக்க முடியுங்களா?”

போன வாரம், சரஸ்வதி பூஜையன்று, எங்கள் வீட்டுக் கொலுவுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு பெரியவர் என்னைக் கேட்ட கேள்வி இது.

கொலு பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக என்ன கேட்பார்கள்? பிள்ளையாரை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். குழந்தைகளாக இருந்தால் சுண்டல் எப்போது என்று கேட்பார்கள். ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதுளைக் கடைவீதியில் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நவராத்திரி வந்தால் படி கட்டி, அம்மன், பெருமாள், செட்டியார் பொம்மைகளை அடுக்குவது என் மனைவி மீனாட்சியின் பொறுப்பு. படிகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, ஏதாவது ஓர் இடத்தை அப்படியே சின்னதாகச் செய்துவைப்பது என் பொறுப்பு. போன வருஷம் பதுளைச் சந்தை. இந்த வருஷம் அப்புத்தளை ஸ்டேஷன்.

ஸ்டேஷன் செய்வது பெரிய கஷ்டமில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில் ரயில் பெட்டி. தகரத்தில் கூரை. கடையில் பஞ்சுக்குக் குறைவில்லை. எனவே பனிமூட்டத்துக்கும் குறைவில்லை. கஷ்டமெல்லாம் ஆட்களில்தான் இருக்கிறது.

விரல் உயரத்துக்குத் தேயிலைத் தோட்டத்து ஆட்களை யார் செய்து விற்கிறார்கள்? ஒருவரும் இல்லை. கொழும்புக் கடைகளில் கிடைப்பது ஈயத்தில் வார்த்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான். அவர்களை வாங்கித்தான் நான் நம் ஆட்களாக மாற்றவேண்டும்.

துப்பாக்கியைப் பிடுங்கி, தொப்பியைச் சீவி, வேட்டி கட்டிவிட்டால் போதும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். செய்து நிறுத்தினேன். வேட்டி கட்டிய சிப்பாய்தான் நின்றான்!

ஏன் என்று யோசித்தேன். நிற்கிற விதம். நெஞ்சு முன்னால் வந்திருக்கிறது, மோவாய் மேலே போயிருக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க வந்து நிற்கிற நம் ஆட்களைப் பாருங்கள் — யாராவது அப்படி நிற்கிறார்களா? குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு, பாரத்தை ஒரு காலில் போட்டுக்கொண்டு... அதுவல்லவா நம் நிற்பு!

அதனால் இடுப்பை ரம்பத்தால் அறுத்துச் சற்று முன்னால் சாய்க்கவேண்டும். நடுவில் செப்புக் கம்பி கொடுத்துப் பற்றவைக்கவேண்டும். கழுத்தை விளக்குச் சூட்டில் இளக்கிக் குனியவைக்கவேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் ஆள் உருகிப்போவார். கொஞ்சம் குறைந்தால் கழுத்து முறியும். இடைவெளியை மெழுகால் அடைத்து, மெல்லிய காகிதத்தைக் கஞ்சியில் தோய்த்துச் சேலை சுற்றி, பெயின்ட் பூசி... இதற்கெல்லாம் மீனாட்சி வைத்திருக்கும் ஒரே பெயர், “வெட்டி வேலை.”

பெரியவர் கேட்ட அந்தப் பெண், வேகநடை போடுகிற ஒரு சிப்பாயிடமிருந்து பிறந்தவள். முன்னால் வைத்த அவன் காலை இன்னும் உயர்த்தி ரயில் பெட்டியின் படியில் வைத்தேன். தலையில் துணி மூட்டை. இடது இடுப்பில் குழந்தை. வலது கை கதவோரக் கம்பியைப் பிடித்திருக்கிறது. பிளாட்பாரத்துக்கு முதுகைக் காட்டி, பெட்டிக்குள் ஏறப்போகிறாள். இந்த வருஷம் செய்ததில் எனக்கே பெருமையாக இருந்தது அவள் ஒருத்தியைப் பார்த்துத்தான்.

பெரியவரின் பெயர் அங்கமுத்து. அப்புத்தளைப் பக்கத்தில் ஒரு தோட்டம். இப்போதுதான் பதுளைக்கே ரயில் வந்துவிட்டதே — தீபாவளி வேட்டியைப் பதுளையிலேயே எடுத்துவிடலாம் என்று வந்திருக்கிறார். வேட்டியை எடுத்தவர், கொலுவையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே வந்தார். வந்தவர் அம்மனைக் கும்பிட்டார். பலகையைப் பார்த்தார். பிறகு நகரவே இல்லை.

“எதுக்குப் பெரியவரே திரும்பிப் பாக்கணும்?” என்று கேட்டேன்.

“இது எம் பொஞ்சாதிங்க” என்றார்.

நான் யாரையும் மனதில் வைத்துச் செய்யவில்லை. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் கண் அவள் முதுகை விட்டு வரவில்லை.

“இதே ஸ்டேஷன்தாங்க. இப்படித்தான் ஏறினா. திரும்பவே இல்லை.”

எனக்கு உடனே ரம்பத்தை எடுக்கக் கை துறுதுறுத்தது. ஆனால் ரம்பம், அரம், பற்றவைக்கும் கோல் எல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு அம்மன் முன்னால் அமர்ந்திருந்தன. ஆயுத பூஜையாயிற்றே!

“இன்னிக்கு அதுல கை வச்சீங்க... பாத்துக்குங்க” என்றாள் மீனாட்சி என்னைப் பார்த்து. பிறகு பெரியவர் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டாள். “நாளைக்கு விஜயதசமி. பூஜை முடிஞ்சதும் மொத வேலையா இதைச் செய்யச் சொல்றேன். வருவீங்களா?”

“கோயில் மடத்துல படுத்துக்கிறேன்மா. காலையில வந்துர்றேன்.”

மறுநாள் நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். புது வேட்டி கட்கத்தில். தோளில் மடித்த கம்பளி.

மீனாட்சி பூஜையை முடித்துக் கோப்பி கொடுத்தாள். அதைக் குடிக்கும்போதுதான் சொன்னார். மனைவி பெயர் செல்லாயி. திருச்சிப் பக்கத்திலிருந்த அவள் தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று ஊரிலிருந்து வந்த ஆள் ஒருவர் சொல்லியிருக்கிறார். இவள் போகவேண்டும் என்றாள். அந்தக் காலத்தில் தலைமன்னார் ரயில் பாதை இல்லை. ரயிலில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து தூத்துக்குடிக்குக் கப்பல் ஏறவேண்டும். இவருக்குத் தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை. கைக்குழந்தையோடு தனியாகப் போகாதே என்றார். அவள் கேட்கவில்லை.

“கோவத்துல ஒரு சொல்லு சொல்லிப்புட்டேன்மா. போனா போனதுதான், திரும்பி வராதேன்னு.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலை. மூட்டையைக் கட்டிக்கிட்டு நடந்தா. நானும் பின்னாடியே ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வழி முழுக்கப் பேச்சு இல்லை. ஏறும்போதாவது ஒரு தடவை திரும்பிப் பாப்பான்னு நெனச்சேன்.”

சில மாதம் கழித்துத் தகவல் வந்ததாம். ஊரில் வாந்திபேதி. செல்லாயியையும் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

“என்னை வெறுத்துக்கிட்டே போயிட்டா” என்றார் அங்கமுத்து. அழவில்லை. பல வருஷமாகப் பழகிப்போன ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் எழுந்துபோய் அந்தப் பெண்ணைப் பலகையிலிருந்து எடுத்தேன். விளக்கைப் பற்றவைத்தேன். கழுத்தைச் சூடு காட்டி மெதுவாகத் திருப்பினேன். தலை திரும்பியது. அதோடு தோளையும் கொஞ்சம் திருப்பவேண்டியிருந்தது. வெறும் தலை அவ்வளவு தூரம் வராது. தோள் திரும்பியதும் மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

சரி, ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று வலது கையை மேலே வளைத்தேன். இப்போது கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். பின்னால் விழுந்துவிடுவாள்போல இருந்தது. இடது கையையா எடுப்பது? இடுப்பில் குழந்தை! ஈயத்துக்கு விழுகிற பயம் இல்லைதான். ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பதறுமே.

இந்த மாதிரி சிக்கலில் நான் எப்போதும் ஒன்று செய்வேன். யாரையாவது நிற்கவைத்துப் பார்ப்பேன். வழக்கமாக மாட்டிக்கொள்வது மீனாட்சி. அன்றைக்குப் பெரியவரையே கேட்டேன்.

“அவங்க எப்படி ஏறினாங்கன்னு கொஞ்சம் நின்னு காட்டுறீங்களா?”

கூச்சப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. எழுந்தார். கம்பளியை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார். மீனாட்சி ஒரு தலையணையைக் கொடுத்தாள். அதை இடது இடுப்பில் அணைத்துக்கொண்டார். வலது கையால் கதவு நிலையைப் பிடித்தார். நான் ஒரு முக்காலியைப் போட்டேன். வலது காலைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

நரைத்த மீசையோடு, வயதான ஓர் ஆண்... சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. தலையணையை அவர் பிடித்திருந்த விதத்தில், அதற்கு ஒரு தலை இருந்தது, கழுத்து இருந்தது.

“இப்போ திரும்பிப் பாருங்க பெரியவரே.”

திரும்பினார். கம்பளி நழுவிக் கீழே விழுந்தது.

குனிந்து எடுத்தார். மறுபடி வைத்துக்கொண்டார். இன்னும் மெதுவாகத் திரும்பினார். மூட்டை சரிந்ததும் அவர் கை தானாக மேலே போனது. பிடி விட்டது. முக்காலி ஆடியது. மீனாட்சி பாய்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் தலையணையை மட்டும் அவர் விடவில்லை.

முக்காலியில் உட்கார்ந்தார். தலையணை மடியில்.

“திரும்ப முடியலைங்களே மொதலாளி...” என்றார்.

மடியிலிருந்த தலையணையைத் தடவிக்கொடுத்தார்.

“அவளாலே திரும்ப முடியாதுங்க. புள்ளையை வச்சுக்கிட்டு எப்படித் திரும்புவா?”

அந்த இடத்தோடு நின்றிருந்தால் இந்தப் பத்தியையும் சந்தோஷமாக முடித்திருப்பேன். ஆனால் மீனாட்சி நல்ல எண்ணத்தோடுதான் ஒன்று கேட்டாள்.

“உள்ள போய் மூட்டையை எறக்கி வச்சுட்டு, ஜன்னலுக்கு வந்திருப்பாங்களே? அப்பப் பாத்திருப்பாங்களே?”

அங்கமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் நிக்கலைம்மா.”

“என்னது?”

“திரும்பிப் பாக்காம ஏறிட்டாளேங்கிற ஆத்திரம். அவ படியைத் தாண்டினதும் நான் நடந்துட்டேன். வண்டி ஊதுற சத்தம் ரோட்டுல போகும்போதுதான் கேட்டுச்சு.”

‘நிச்சயம் பார்த்திருப்பாள்’ என்று சொல்ல எனக்கு நாக்குவரை வந்தது. சொல்லவில்லை. யாருக்குத் தெரியும்? கோபம் ஆறாமல் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். அல்லது ஜன்னலுக்கு வந்து, பனிக்குள் இவரைத் தேடி, காணாமல்... இரண்டில் எது நல்லது, நீங்களே சொல்லுங்கள்.

மீனாட்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“கழுத்தைப் பழையபடி வச்சிருங்க மொதலாளி” என்றார் பெரியவர் கடைசியில். “அவ பாட்டுக்கு ஏறட்டும். ஆனா பிளாட்பாரத்துல ஒரு ஆளு வேணும்.”

எனக்குப் புரிந்தது. அவள் கழுத்தையும் கையையும் பழையபடி வைத்துப் படியில் ஏற்றினேன். ஈயச் சிப்பாய்ப் பெட்டியிலிருந்து காவல் நிற்கிற ஒருவனை எடுத்தேன். துப்பாக்கியை அறுத்தேன். தோளை இறக்கினேன். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தினேன். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

“கம்பளி இந்தத் தோள்ல இருக்கட்டுங்க.”

வைத்தேன்.

“காலு ரெண்டும் வண்டியைப் பாத்து இருக்கணும். போற காலு மாதிரி இருக்கக்கூடாது.”

திருத்தினேன். வழக்கம்போல மோவாயையும் கீழே இறக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

“அதை எறக்காதீங்க. ஜன்னல் ஒசரத்துல இருக்கும்ல?”

எத்தனையோ சிப்பாய்களைத் தலை குனியவைத்திருக்கிறேன். ஒருவனை நிமிர்ந்தபடியே விட்டது அன்றைக்குத்தான்.

பெயின்ட் காய்ந்ததும் அவரே எடுத்துப் பிளாட்பாரத்தில் வைத்தார். பெட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் வைக்கவில்லை. எல்லா ஜன்னலும் தெரிகிற தூரத்தில், பஞ்சை இரண்டு விரலால் ஒதுக்கிவிட்டு வைத்தார்.

“அவ மெதுவா ஏறட்டும். நான் நிக்கிறேன்” என்றார். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

இரண்டு பொம்மையையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில் எங்கே வைப்பது, இங்கேயே ஸ்டேஷனில் இருக்கட்டும் என்றார். மறுநாள் மீனாட்சி கொலுவைக் கலைத்து, பொம்மைகளையெல்லாம் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தாள். பலகையைத் தொடவில்லை. இதுவரை வெட்டி வேலை என்று ஒரு வார்த்தையும் இல்லை!

நடுவில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். விஜயதசமியன்று மத்தியான வண்டிக்குப் பெரியவரை ஏற்றிவிட நானும் பதுளை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வேட்டிப் பொட்டலம், கம்பளி, மீனாட்சி கட்டிக்கொடுத்த புளிச்சோறு — எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவர் கூட்டத்தோடு ஏறி உள்ளே மறைந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கடையில் ஆள் காத்திருப்பது ஞாபகம் வந்தது. வழக்கமாக நான் அந்த இடத்தில் கிளம்பிவிடுகிற ஆள்.

நின்றேன்.

கார்டு விசில் ஊதி, பெட்டிகள் நகர ஆரம்பித்த பிறகு, ஒரு ஜன்னலில் நரைத்த மீசை தெரிந்தது. முகம் பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தது. என்னைக் கண்டுபிடித்தது. கை மேலே வந்தது.

யாரையாவது வண்டி ஏற்றிவிடப் போகிறீர்களா? அவர்கள் மூட்டையை இறக்கிவைக்கும்வரை கொஞ்சம் நில்லுங்கள்.