வெள்ளிக்கிழமை வாசம்

திருகோணமலையில் எங்கள் பின்னறையைக் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் தாதி ஒருத்திக்கு வாடகைக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கக்கூடாது என்பது என் நிபந்தனை. ஜும்ஆ நாளில்தான் அவர்கள் வீடுகளில் இறைச்சி மணக்கும் என்று தெரிந்துதான் போட்டேன். "ஓம் அக்கா" என்றாள். நான் நம்பவில்லை.

ஒரு வெள்ளி மத்தியானம் பின்பக்கமிருந்து இறைச்சி வாசம் வந்தது. அவள்தான், வேறு யார்? என்னிடமிருந்த மற்றத் திறப்பால் அறைப் பூட்டைத் திறந்தேன். சட்டிகளைக் கிளறினேன். தொழுகை விரிப்பைக்கூட உதறிப் பார்த்தேன்.

திரும்பினால், வேலை முடிந்து வந்தவள் வாசலில் நின்றாள்.

"நோன்பு மாசம் அக்கா. பகல்ல தண்ணி கூடக் குடிக்கிறல்ல. என்னத்தத் தேடுறீங்க?"

வெளியே வந்தேன். பின்வளவில் கதிரை போட்டு, என் கணவர் ஆட்டிறைச்சிப் பார்சலைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு ஒரு நாள்தானே, விடும்" என்றார்.

விட்டுவிட்டேன். அவரிடம் நான் ஒருநாளும் நிபந்தனை போட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று பின்னேரமே மன்னிப்புக் கேட்டு, மற்றத் திறப்பையும் அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அந்தக் கதவில் புதுப் பூட்டு. எனக்குக் கோபம் வரவில்லை. சந்தேகப்படுவது இப்போது அவள் முறை.