எதிர்வீட்டுக்கு எட்டு நிமிடம்

இஞ்ச் டேப்பின் ஒரு முனையைச் செங்கல்லுக்கு அடியில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு சாலையோரம் குந்தியிருக்கிறார் தையல்காரர். நடைபாதை நேற்று இருபத்தெட்டு அங்குலம். இன்று ஒரு காரின் வால் ஏறி உட்கார்ந்துவிட்டதில் பத்தொன்பது. "இதுல நடக்கணும்னா மனுசன் பக்கவாட்டுலதான் பொறந்திருக்கணும்" என்றபடி நோட்டில் குறித்துக்கொள்கிறார். அதே நோட்டில்தான் வாடிக்கையாளர் அளவுகளும். ஒரு முறை பக்கம் மாறி, பெருத்த மனிதர் ஒருவருக்கு நடைபாதை அளவில் இடுப்பு வைத்துத் தைத்துவிட்டார். தெரு அவருக்கு இஞ்சுக்காரர் என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

அவர் மனைவியும் மனைவியின் அக்காவும் ஒரே வயிற்றில் பிறந்து எதிரெதிர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். அப்போது நடுவில் இருந்தது தெரு. குழம்பு கொதிக்கும்போது போய் உப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். பிறகு நாடு முன்னேறியது. தெரு நான்கு வண்டி அகலச் சாலையானது. அக்காவுக்கோ முட்டியில் அறுவை நடந்து கையில் கோல். அந்தச் சாலையில் நடக்க முடியாது, ஓடத்தான் முடியும். ஒன்றரை வருடமாக இருவரும் சன்னலுக்குச் சன்னல் பார்த்துக்கொண்டு போனில் பேசுகிறார்கள். "ஏன்க்கா முகம் வாடியிருக்கு?" "கண்ணாடியத் தொடைடி, உங்க சன்னல்தான் அழுக்கு."

அக்கா புருஷன், அதாவது சகலை, கார் வாங்கியவர். "ரோட்டக் கடக்க எதுக்குய்யா வெள்ளைக்கோடு? கார்ல மேலே போய்த் திரும்பி வந்தா எட்டே நிமிஷம்" என்பார். எதிர்வீட்டுக்கு எட்டு நிமிடத்தில் போய்விடலாம் என்பதை இவ்வளவு பெருமையாகச் சொன்னவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

நடந்து போவோர் கடக்க வெள்ளைக்கோடு வேண்டும் என்று இஞ்சுக்காரர் சாலை அலுவலகத்துக்கு ஏழு மனு கொடுத்தார். ஏழுக்கும் ஒரே பதில்: அவ்விடத்தில் சாலையைக் கடப்போர் எவருமில்லை, ஆகவே கோடு அவசியமில்லை. "சட்டையே தைக்காம, போட்டுக்க ஆள் வரலைன்னு எழுதுறான் பாருங்க" என்றார் இவர். எட்டாவது மனுவில் அலுவலகம் மனமிரங்கியது. ஒரு மணி நேரத்தில் இருபது பேர் கடந்தால் கோடு. கணக்கெடுக்க ஆள் வருவார்.

வந்தார் குமாஸ்தா, முக்காலியும் அட்டையுமாக. தெருவே திரண்டு வருவதாகச் சத்தியம் செய்திருந்தது. திரண்டும் வந்தது, நடைபாதை வரைக்கும். "நாங்க உங்க பக்கம்தாண்ணே. இந்தப் பக்கமே நின்னு ஆதரவு தர்றோம்" என்றார் பால்காரர்.

இஞ்சுக்காரர் கடைக்குள் போனார். டெலிவரிக்குத் தொங்கிய சட்டைகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு கடந்தார். திரும்பி வந்து கட்டம் போட்ட சட்டை. அடுத்து நீலம். குமாஸ்தா தலை நிமிராமல் கோடு கிழித்துக்கொண்டே இருந்தார்; அரசாங்க வேலையில் முகம் பார்க்கும் வழக்கம் இல்லை. பன்னிரண்டாவது சட்டைக்குத்தான் நிமிர்ந்தார்.

"யோவ், இது நான் தைக்கக் குடுத்த துணி."

"ஆமா சார். வலது கை இன்னும் ஓட்டுத்தையல்தான், இழுத்தா பிரிஞ்சிடும். பதினோரு தடவ நான் கடந்தேன், இது நீங்க. கணக்குல போட்டுக்கங்க."

"ஒரு ஆளு எத்தன தடவ கடந்தாலும் ஒரு ஆளுதான்." பத்துக் கோடுகளை அடித்தார். மிச்சம் ஒன்று. இன்னும் இருந்த நேரம் பத்து நிமிடம்.

சன்னலில் நின்று மனைவி போனில் அக்காவிடம் சொன்னாள். "ஒண்ணுதானாம்க்கா."

"ஒண்ணா? அப்ப ரெண்டாக்கிடலாம்" என்றது ஸ்பீக்கர். "எம்புட்டு நாளா உன் சன்னலையே பாத்துக்கிட்டுக் கெடக்குறது. உம் புருஷன நடுவுல நிக்கச் சொல்லுடி."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கோல் முதலில் வந்தது, பின்னால் அக்கா. சகலை உள்ளிருந்து கார் சாவியை ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினார்.

இஞ்சுக்காரர் கழுத்தில் டேப் ஆட, நடுச்சாலைக்குப் போய் லாரிக்கு எதிரே வலது கையைத் தூக்கினார். ஹாரன் காதைக் கிழித்தது. தோளில் நூல் பட்பட்டென்று அறுந்து, குமாஸ்தாவின் சட்டைக்கை நழுவி முழங்கையில் வந்து சுருண்டது. அக்காவின் கோல் தாரில் முதல் தட்டுத் தட்டியது. இஞ்சுக்காரர் கையை இறக்கவில்லை.