ஞானராஜ் அண்ணாச்சி கேட்ட இரண்டு நாள்

ஞானராஜ் அண்ணாச்சி போய்விட்டார் என்று தாராவி லேபர் கேம்ப்பிலிருந்து போன் வந்தபோது, ஒரு காலத்தில் அவரிடம் போய்க்கொண்டிருந்த மில்லின் ரோலுக்குத்தான் நான் கிரைண்டிங் போட்டுக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தினேன். அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது. அவரோடு பழகிய உங்களிடம் அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத என்னால் முடியவில்லை.

இருவருக்கும் ஒரே தொழில். எவர்சில்வர் தகடு உருட்டும் மில்களிலிருந்து தேய்ந்த ரோல்கள் வரும். கிரைண்டிங் போட்டுக் கண்ணாடிபோல் ஆக்கி அனுப்புவோம். அவர் பட்டறை தாராவியில், என்னுடையது தேவ்நாரில். ஒருமுறை பேச்சுவாக்கில் அவர் முடித்துவைத்த ரோலின் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டேன். "ரோல்ல விழுந்த தடம் தகடு பூரா விழும் தம்பி. ஒன் கிளாசுக்கு எங்க ரோலுதான் டேபிளா?" என்றார். பிறகு நான் எப்போது போனாலும், முதலில் என் கிளாஸுக்கு ஒரு ஸ்டூல் வரும்.

முதலில் சொன்ன அந்த மில்லின் முதலாளி சேட் ஒருநாள் அவசரமாக ஒரு ரோலை அண்ணாச்சியிடம் கொண்டுபோயிருக்கிறார். சோதித்துப் பார்க்க இரண்டு நாள் வேண்டும் என்றாராம் அண்ணாச்சி. சேட் பொறுக்காமல் ரோலை என்னிடம் ஏற்றி வந்தார். மாலைக்குள் முடித்தேன், பளபளத்தது. அப்போது அண்ணாச்சியின் போன்.

"தம்பி, அந்த ரோலு ஓரத்துல வெடிப்பு இருக்கும்போல எனக்குத் தோணுது. ஓடும்போது தெறிச்சா நிக்கவன் மேலல்லா படும். வேல ஒங்கிட்டயே இருக்கட்டும், சாயம் போட்டு மட்டும் பாத்துரு."

பொறாமை என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தேன். மயிரிழையாய் ஒரு சிவப்புக் கோடு எழும்பியது, வெடிப்புதான். சேட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண் என்றால் உன் கண்தான், அந்தக் கிழவனுக்கு இரண்டு நாள் வேண்டுமாம் என்று முதுகில் தட்டினார். அந்தக் கண் அண்ணாச்சியுடையது என்பதை நான் சொல்லவில்லை. மறுபடி சாயம் போட்டாலும் கோடு எழும்பாத அளவுக்கு ரோலைத் தேய்த்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த மில்லின் ரோல் எதுவும் தாராவிப் பக்கம் போகவில்லை.

அடுத்த முறை பார்த்தபோது, கோடு வந்ததா என்று மட்டும் கேட்டார் அண்ணாச்சி. வந்தது என்றேன். "அப்பம் சரி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் சேட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாராவிப் பட்டறையை இப்போது நடத்தும் அண்ணாச்சியின் மகள் ஸ்டெல்லாவுக்கே வேலையைக் கொடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அது மட்டும் வாயில் வரவில்லை. "ஜானே தோ", விடு போகட்டும் என்றார் சேட். திங்கட்கிழமை வழக்கம்போல் மில்லின் டெம்போ என் வாசலில் வந்து நின்றது. ரோல்களை இறக்கிக்கொண்டேன்.

அண்ணாச்சியின் நினைவாக உன்னிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அவருடைய மில் இருக்கிறது.